ஆத்தா சொன்ன வருஷம்

“ஒரே ஒரு வருஷத்தை மாத்தி அச்சடிச்சுக் கொடு தம்பி. அது வரைக்கும் இந்த முக்காலியை விட்டு நான் எழுந்திருக்கப் போறதில்லை.”

முட்டைக்காரி கெசியா இப்படிச் சொன்னதும் அச்சுக்கூடத்து ஜேபஸ் கையிலிருந்த மை உருளையைக் கீழே வைத்தான். இங்கிலாந்தின் நேர்ஸ்பரோ ஊரில், அந்தக் காலத்துக் குறிகாரி ஷிப்டன் ஆத்தாவின் ஆரூடப் பாட்டை அச்சடித்து விற்பவன் அவன். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றில் உலகம் முடியும் என்பது அந்தப் பாட்டின் கடைசி வரி. இப்போது அதே வருஷத்து டிசம்பர். இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. பயத்தில் அடுத்த வருஷத்துக் காலண்டரைக்கூட ஜேபஸ் அச்சடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

“ஆத்தா வாக்குல கை வைக்கிறதா? என்னக்கா பேசறே? நம்ம ஆத்தங்கரைக் குகையில, இடி மின்னலுக்கு நடுவுல பொறந்தவ அவ. யார்க் நகரத்தைக் கண்ணால பார்ப்பான், உள்ளே கால் வைக்க மாட்டான்னு ராஜாவோட பெரிய பாதிரி, அந்தக் கார்டினலைச் சொன்னா. வழியிலேயே செத்தானா இல்லையா?”

“செத்தான், செத்தான். முன்னூத்தம்பது வருஷத்துக்கு முன்னால செத்தவனை விடு. என் பேத்தி சாகக் கூடாது.”

கெசியாவின் மகள் டார்கஸ், பிறந்து மூன்றே வாரமான குழந்தையோடு குகைக்கு எதிரே வெட்டவெளியில் கிடந்தாள். வீட்டுக்குள் இருந்தால் கூரை இடிந்து தலையில் விழும் என்று பயம். அவளைப் போல நாற்பது குடும்பம், அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்து அங்கே ஜெபம் செய்துகொண்டிருந்தது. புல்லெல்லாம் உறைபனி. குழந்தைக்கு நேற்றிலிருந்து மூச்சு இழுக்கிறது.

“வீட்டுக்கு வாடின்னு கெஞ்சிட்டேன், கத்திட்டேன். பாதிரியாரும் சொல்லிப் பார்த்தார். ‘ஆத்தா சொன்னா நம்பறேன்’கிறா. அவளுக்கு அச்சில இருந்தாத்தான் ஆத்தா சொன்ன மாதிரி. அதான் உன்கிட்ட வந்தேன்.”

கெசியா கூடையிலிருந்த முட்டைகளை ஒதுக்கினாள். அடியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாம் பழுப்பேறிய தாள்.

“தேயிலைத் தண்ணியில ஊற வச்சுக் காய வச்சேன். நூறு வருஷத்துத் தாள் மாதிரி இல்லே? ‘ஆத்தாவின் அசல் பாட்டு கிடைத்தது’ன்னு மேல போடு. வருஷம் ஆயிரத்தித் தொளாயிரத்துத் தொண்ணூத்தி ஒண்ணு. கடைசி வார்த்தை அதே ‘ஒண்ணு’தான், பாட்டோட ஓசை கெடாது. இன்னும் நூத்திப் பத்து வருஷம் இருக்கு. என்ன ஆச்சுன்னு கேட்க நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்.”

முட்டை விற்கிறவளுக்குப் பாட்டின் ஓசையைப் பற்றி என்ன தெரியும் என்று ஜேபஸ் திருதிருவென விழித்தான்.

“பொய்யை அச்சடிச்சா நரகம்தான்கா. அதுவும் பன்னிரண்டே நாள்ல போய்ச் சேரணும்.”

“உனக்குப் பதிலா நான் போறேன். நீ எழுத்தைக் கோத்துக் கொடு.”

“முடியவே முடியாதுக்கா.”

கெசியா எழுந்தாள். ஒழிந்தது, கிளம்பிவிட்டாள் என்றுதான் ஜேபஸ் நினைத்தான். அவளோ கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நேராக ஈய எழுத்துப் பெட்டிக்குப் போனாள். மேல் தட்டிலிருந்து பெரிய எழுத்து, கீழ்த் தட்டிலிருந்து சின்ன எழுத்து என்று தேடாமலே பொறுக்கி, மளமளவென்று தலைகீழாகக் கோக்க ஆரம்பித்தாள்.

ஜேபஸ் வாயைப் பிளந்தான்.

“உனக்கு எப்படிக்கா இந்த வேலை...?”

“பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால, நீ லீட்ஸ்ல தொழில் கத்துக்கிட்டிருந்தப்போ, உங்க அப்பாகிட்ட இங்கேதான் எழுத்துக் கோத்தேன். ‘ஆத்தா பாட்டு விக்கவே மாட்டேங்குது, கடைசியில பயமா நாலு வரி இருந்தாத் தேவலை’ன்னு அவர் புலம்பினார். நான்தான் எழுதிச் சேர்த்தேன். வேற எந்த வருஷமும் ஓசைக்கு ஒத்து வரலை. எண்பத்தி ஒண்ணு வந்துச்சு. அவ்வளவுதான்!”

ஜேபஸ் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தான். பன்னிரண்டு மாசம் தூக்கம் கெட்டு, சோறு தண்ணி இறங்காமல் அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். சிரிப்பதா, இவள் கழுத்தை நெரிப்பதா என்றே அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் கை தானாக மை உருளையை எடுத்தது.

“அடப் பாவி அக்கா! இதை அப்படியே டார்கஸ்கிட்டச் சொல்லியிருந்தா, எப்பவோ குழந்தையைத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பாளே!”

“பேசாம மையைத் தடவு” என்றாள் கெசியா, கோக்கிற கையை நிறுத்தாமல். “முதல் நாளே சொல்லிட்டேன். ‘பேத்தி மேல பாசம் இருக்க வேண்டியதுதாம்மா, அதுக்காக இப்படியா வாய் கூசாமப் பொய் சொல்லுவே’ன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா!”