மைலேஜ் ஏறிப்போச்சு

"புது சென்சரைக் கழட்டிட்டு பழசையே மாட்டு பாய்."

முஸ்தபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கும்மிடிப்பூண்டியில் மெக்கானிக் ஷெட் போட்ட நாளிலிருந்து, மைலேஜ் ஏறிவிட்டதென்று சண்டைக்கு வந்த முதல் ஆள் இந்த டிரைவர் தானியேல்தான்.

"இன்னா தானியேலு பேசறே? அந்த ஆக்ஸிஜன் சென்சர் தேஞ்சுபோச்சு. அத்த மாட்டினா வண்டி பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும்."

"குடிக்கட்டுமே. கம்பெனி வண்டி, கம்பெனி பெட்ரோல். உனுக்கு இன்னா பேஜாரு?"

ஓகோ, சங்கதி அப்படிப் போகிறதா?

"டேங்க்ல டியூப் உட்டு உறிஞ்சிட்டு வண்டி மேல பழி போட முடியல, அதானே? திருட்டுக்கு நான் ஆளில்லப்பா."

தானியேலின் முகம் சுண்டிப்போனது. "வண்டில ஏறு" என்றான்.

எளாவூர் பங்க்கில் நிறுத்தினான். தொப்பி போட்ட பெண்ணொருத்தி வந்தாள்.

"ஜீரோ பாருங்க சார்."

தானியேல் மீட்டரைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தான். முஸ்தபாவுக்குக் கூசியது.

"கண்ணை எடுய்யா. உம் பொண்ணு வயசு இருக்கும்."

"எம் பொண்ணுதான் பாய். ஜெபா."

முஸ்தபா மறுபடி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"லவ் பண்ணவனையே கட்டிக்கினா. எனுக்குப் பொண்ணே இல்லன்னு தெருவுல நின்னு கத்தினேன். அன்னிலேருந்து அவ எங்கிட்ட பேசற பேச்சு இந்த 'ஜீரோ பாருங்க' ஒண்ணுதான். எல்லாருக்கும் சொல்றதுதான், இருந்தாலும் எனுக்கும் சொல்றா இல்ல? முள்ளு ரிசர்வைத் தொட்டாத்தான் கம்பெனில பெட்ரோல் சிலிப் தருவான். நீ சென்சரை மாத்தினே, நாளு தள்ளிப்போவுது. பெட்ரோல் போடாம இங்க இன்னான்னு சொல்லி வந்து நிப்பேன்?"

பழசைக் குப்பையில் போட்டோமா, எடுத்து வைத்தோமா என்று முஸ்தபா யோசிக்க ஆரம்பித்தார்.

ஜெபா ஜன்னலருகே வந்து சிலிப்பை வாங்கிக்கொண்டாள். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை.

"திங்கக்கெழமையே வந்திருக்கணும்" என்றாள், தரையைப் பார்த்தபடி. "நாலு நாளா ரோட்டையே பாத்துக்கினு இருக்கேன். ஒடம்பு கிடம்பு சரியில்லியா, நைனா?"