லிஃப்டுக்கு இரண்டு வரைபடங்கள்

நான் ஒரு அம்புக்குறி. லிஃப்டை இயக்கும் மென்பொருளுக்கு இரண்டு வரைபடங்கள்; அவற்றை இணைத்து நடுவே நான். ஒன்றில் மாறுவதை மற்றதிலும் மாற்றி, இரண்டையும் ஒத்துப்போக வைப்பது என் உத்தியோகம். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

ஒருநாள் பொறியாளர் கனகலிங்கம் கைதவறி, முதல் படத்தில் ‘கதவைத் திற’ என்ற கட்டத்தை அழித்துவிட்டார். நான் பாய்ந்துபோய் இரண்டாவது படத்திலும் அதை அழித்தேன்.

“அடப்பாவி, அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! உள்ளே போறவங்க எப்படி வெளியே வருவாங்க?” என்று அலறியது அந்தப் படம்.

“நீங்க ரெண்டு பேரும் இப்ப ஒத்துப்போறீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

“ஒத்துப்போறோம்” என்று முனகியது.

மறுநாள், திறந்து கிடந்த லிஃப்டைச் சோதிக்கக் கனகலிங்கமே உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். தட்டுவதற்கு இரண்டு படத்திலுமே கட்டம் கிடையாது. என் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது.