மெஷினே சொல்லட்டும்

மெஷின் மறுபடியும் நின்றது.

காலையிலிருந்து இது பதினாலாவது தடவை. இருநூறு தாள் ஓடும். மூச்சு வாங்குகிற மாதிரி நிற்கும். மூன்று நிமிஷம் யோசிக்கும். அப்புறம் மறுபடி இருநூறு.

இருபத்தெட்டாயிரம் ஹால் டிக்கெட். ஒவ்வொன்றிலும் வேறு பெயர், வேறு எண், வேறு முகம். நாலு மணிக்கு வேன் வந்துவிடும். நாளை மறுநாள் பரீட்சை.

அச்சகத்தில் அந்த மெஷினை ஓட்டுகிற மாஸ்டர், பேப்பர் தட்டைத் திறந்து பார்த்தார். ரோலரைத் துடைத்தார். எல்லாம் சுத்தம். திரையில் மட்டும் 'டேட்டாவுக்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது.

அதைப் படித்ததும் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. டேட்டா என்றால் அவள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஏசியில், சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற டேட்டா பொண்ணு. பெயர் லிஸ்ட்டையும் படங்களையும் கோத்து மெஷினுக்கு அனுப்புவது அவள் வேலை. வந்து ஒன்றரை வருஷம்தான். முன்பெல்லாம் அச்சடிக்க வரும் பார்ட்டிகள் உள்ளே நுழைந்ததும் "மாஸ்டர் இருக்காரா?" என்பார்கள். இப்போது "மேடம் இருக்காங்களா?"

பதினெட்டு வருஷமாக நின்றே வேலை பார்க்கிறவருக்கு வயிறு எரியாதா?

வீட்டிலும் இதே புலம்பல்தான். "அவளைப் பத்திப் பேசாம ஒரு வாய் சாப்பிட மாட்டீங்களா?" என்று நேற்று மனைவி எழுந்தே போய்விட்டாள்.

போதாக்குறைக்கு, போன மாசம் மாஸ்டர் ஒரு வேலையைத் தப்பான தாளில் ஓட்டிவிட்டார். முதலாளி இருவரையும் எதிரே நிற்க வைத்து, "இன்னொரு தப்பு வந்துச்சு, மெஷினை இந்தப் பொண்ணு கையில குடுத்துடுவேன். நீங்க பைண்டிங்குக்குப் போயிடுங்க" என்றார்.

அவள் தலை நிமிரவில்லை. உள்ளுக்குள் சிரித்திருப்பாள் என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது.

"அண்ணா, ஒரு நிமிஷம் மெஷினை நிறுத்துறீங்களா? சரி பண்ணிட்டேன். மிச்சத்தைத் திரும்ப அனுப்பினா நிக்காம ஓடும்."

"சரி பண்ணிட்டியா? அப்போ கெடுத்தது யாரு?"

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஓடுற மெஷினை நிறுத்தச் சொல்ல நீ யாரும்மா? முதலாளி வந்து சொல்லட்டும்."

"நேரம் போகுதுண்ணா."

"போகட்டும்."

போயிற்று. முதலாளி வரும்போது மணி பதினொன்று. அடுக்கியிருந்தது ஆறாயிரம்கூட இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

"மெஷின் சுத்தமா இருக்கு சார். டேட்டாதான் வர மாட்டேங்குது." மாஸ்டர் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

முதலாளி அவளை வெளியே கூப்பிட்டார். பைண்டிங்கில் இருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"இத்தனை பிள்ளைங்க பரீட்சை எழுத முடியாமப் போனா நீயா பதில் சொல்லுவே?"

"என் பக்கத் தப்புதான் சார். சரி பண்ணிட்டேன். நிறுத்திட்டுத் திரும்ப அனுப்பினா ஓடிடும்."

"படிச்ச பொண்ணுன்னு நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

வீட்டில் போய் அப்படியே சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டார்.

மெஷினை நிறுத்தி, அவள் மிச்சத்தைத் திரும்ப அனுப்பியதும் ஓடியது. நிற்கவே இல்லை. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடைசிக் கட்டு வேனில் ஏறியது.

முதலாளி முகம் தெளிந்துவிட்டது. "சரி விடும்மா. எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்று அவளிடம் சொல்லிவிட்டு அறைக்குப் போனார்.

மாஸ்டருக்குத் தாங்கவில்லை. அதெப்படி? எனக்கு பைண்டிங், அவளுக்கு 'விடும்மா'வா?

யார், எப்போது, எதைத் தொட்டாலும் மெஷின் குறித்து வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைத் திறந்தார். போன வியாழக்கிழமைக்கு நேரே சிவப்பில் ஒரு வரி: 'செட்டிங் மாற்றப்பட்டது.' மேற்கொண்டு படிக்கப் பொறுமையில்லை. அச்செடுத்துக்கொண்டு நேராக முதலாளி அறைக்குப் போனார்.

"நான் சொன்னா பொறாமைன்னு நினைப்பீங்க சார். மெஷினே சொல்லட்டும். அவ என்ன பண்ணி வெச்சிருக்கான்னு படிங்க."

முதலாளி விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தார்.

"வியாழன், சாயங்காலம் நாலு பன்னிரண்டு. படங்களைச் சேமித்து வைக்கும் வசதி நிறுத்தப்பட்டது... அடக் கடவுளே! எல்லா டிக்கெட்லயும் ஒரே டிசைன், ஒரே முத்திரை. ஒரு தடவை ஏத்தி வெச்சுக்காம ஒவ்வொரு தாளுக்கும் புதுசா ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. நிக்காம என்ன பண்ணும்?"

"அதேதான் சார்!"

"நிறுத்தியது... ஆபரேட்டர் ஒன்று." முதலாளி நிமிர்ந்தார். "அது நீங்கதானே மாஸ்டர்?"

மாஸ்டருக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. ஒரு சின்ன வேலையில் பழைய லோகோவே திரும்பத் திரும்ப விழுந்தது. அதைத் துரத்த அவர்தான் அந்த வசதியை நிறுத்தினார். மறுபடி போட மறந்தே போனார்.

"அடுத்த வரி. இன்று காலை ஒன்பது நாற்பது. வசதி மறுபடி இயக்கப்பட்டது. இயக்கியது, டேட்டா."

மாஸ்டர் தாளை வாங்கக் கையை நீட்டினார். முதலாளி கொடுக்கவில்லை.

"ஒன்பது நாற்பதுக்கே யார் தப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு... நான் அவளைத் திட்டினது பதினொரு மணிக்குத்தானே, மாஸ்டர்?"