சாமி கும்பிட்டு ஆறு குண்டு

“நான் மொடாக்குடியன்னு போலீஸ்கிட்ட சொன்னது யாரு புள்ள?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கத்தினார் ரத்தினவேல். அடுப்படியில் இருந்த சுந்தராம்பாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

“ஏனுங்க, என்னாச்சு? பீடிகூடப் பிடிக்காத மனுசரப் போயி எவன் அப்படிச் சொன்னான்?”

“துப்பாக்கி லைசென்சைப் புதுப்பிக்க மாட்டாங்களாம். இந்த வாரத்துக்குள்ள ஸ்டேஷன்ல ஒப்படைக்கணுமாம். ஏன்னு கேட்டா, ‘காலங்காத்தாலயே ஆரம்பிச்சுடுவீங்களாமே’ன்னு இன்ஸ்பெக்டர் சிரிக்கறாரு!”

சொல்லும்போதே அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. தொளதொளச் சட்டைக்கு அடியில் அந்தச் சின்னப் பிஸ்டல் இருந்தது.

மஞ்சள் வியாபாரி அவர். ஆறு வருடத்துக்கு முன் குண்டலுபேட்டை ரோட்டில் வண்டியை மறித்து, கையை முறித்து, பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அன்று பிடித்த பயம். மண்டிக்குப் போனாலும் இடுப்பில் பிஸ்டல், கல்யாணத்துக்குப் போனாலும் பிஸ்டல். கோயிலுக்குப் போனால் சுந்தராம்பாள் மட்டும் உள்ளே போவாள். இவர் வெளியே நிற்பார். மகள் வைஷாலியின் குழந்தை மடியில் ஏற வந்தால் பதறித் தள்ளி உட்காருவார். போன தீபாவளிக்கு மகன் யுவன் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் வந்து பின்கதவைத் திறந்தான். “அப்பா, நான்தாம்ப்பா!” என்று அவன் அலறிய பிறகுதான் பிஸ்டலை நீட்டிய இவர் கை இறங்கியது. அன்றிலிருந்து சுந்தராம்பாளுக்குச் சரியான தூக்கமே இல்லை.

“போன வாரம் வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“மஞ்சுநாத்துன்னு ஒரு போலீஸ்காரத் தம்பி வந்துச்சுங்க. நீங்க மண்டியில இருந்தீங்க. உக்கார வெச்சுக் காப்பி குடுத்தேன்.”

“என்ன கேட்டான்?”

“கன்னடத்துல என்னென்னமோ கேட்டுச்சு. எனக்கு என்னத்தப் புரியுது? ‘யஜமான்ரு குண்டு ஹாக்தாரா’ன்னுச்சு. துப்பாக்கி வெச்சிருக்கறவரு குண்டு போடாம இருப்பாரா? ‘தினா ஹாக்தாரே’ன்னு சொன்னனுங்க.”

ரத்தினவேல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்புறம்?”

“எத்தனைன்னு கேட்டுச்சு. காலையில சாமி கும்பிட்டதும் ஆறு குண்டு, போடாம வெளியவே கிளம்ப மாட்டாருன்னேன். அந்தத் தம்பி காப்பிய அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சிருச்சு. ஏனுங்க, கணக்கத் தப்பாச் சொல்லிட்டனா? அதுல எட்டு கொள்ளுமோ?”

“அடி கூறு கெட்டவளே! இந்த ஊருல குண்டு ஹாக்கறதுன்னா தண்ணி போடறதுடி!”

சுந்தராம்பாள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

“ஐயோ சாமி! தமிழே பேசற மார்டள்ளியில பொறந்தவ நான், என்னத்தக் கண்டேன்? இப்பவே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லட்டுமுங்களா?”

“வேணாந்தாயி! நீ வாயத் திறந்தா மிச்சம் இருக்கற மானமும் போயிரும்.”

திட்டத்தான் வாயெடுத்தார். சிரிப்பு முந்திக்கொண்டது. “சாமி கும்பிட்டு ஆறு குண்டு!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

“இத்தன வருசமா மைசூருல இருந்துக்கிட்டு, பக்கத்து வீட்டுப் பசம்மாகிட்ட ஜாடையிலயே பேசினா இப்படித்தான் ஆகும்.”

பிறகு மெல்ல பிஸ்டலை எடுத்துப் படியில் வைத்தார். அது அழுத்தி அழுத்தி இடுப்பில் காய்த்துப்போயிருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

“மேல அப்பீல் போலாம்னாங்க.”

சுந்தராம்பாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“யுவன் மூஞ்சி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது புள்ள. போவட்டும், ஒப்படைச்சரலாம். ஆனா அந்த ரோட்டுல வெறுங்கையோட போவ பயமாத்தான் இருக்கும்.”

“நான் கூட வர்றனுங்க” என்றாள் சுந்தராம்பாள்.

அவர் அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் சுந்தராம்பாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைச் சுவரோரம் போனாள். அந்தப் பக்கம் பசம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் வேட்டி விலகியது தெரியாமல் மல்லாந்து கிடந்தான்.

“ஏன் பசம்மா, நிம் யஜமான்ரு இவத்தூ குண்டு ஹாக்பிட்டு பந்தவ்ரா?” என்று எப்போதும்போல வாய் நிறையக் கன்னடத்தில் விசாரித்தாள் சுந்தராம்பாள்.