பச்சை ஓடு

பின்வாசலில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. பெரியவள் முக்காலியில் உட்கார்ந்து, சட்டியில் வறுத்த முட்டை ஓடுகளைப் பழைய துணியில் சுற்றிக் கட்டையால் நொறுக்குகிறாள். துணிக்குள் நறநறவென்று சத்தம். அவளுடைய ஐந்து கோழிகளும் வலைக்குப் பின்னால் கழுத்தை நீட்டிக் காத்திருக்கின்றன. கொழுந்தனின் மனைவியான சின்னவள் அடுக்களையிலிருந்து வந்து, அப்போதுதான் உடைத்த முட்டையின் இரண்டு ஓடுகளை, வெள்ளைக்கரு சொட்டச் சொட்ட, அவள் தலைக்கு மேலாகக் கூண்டுக்குள் வீசுகிறாள். "பச்சையா முழுசா போட்டா முட்டையவே கொத்தப் பழகிடும்னு எத்தனை தடவ சொல்றது?" என்கிறாள் பெரியவள். "பழகட்டும்க்கா. அப்பவாவது இந்தக் கோழி நாத்தம் வீட்ட விட்டுப் போகுமில்ல." சிவப்புக் கோழி ஓட்டின் உட்புறத்தைக் கொத்தி ருசி பார்க்கிறது. பிறகு நேராக முட்டைப் பெட்டிக்குள் போகிறது. அங்கே இன்று இட்ட முட்டை ஒன்று கிடக்கிறது. டொக், டொக். இருவருக்கும் அது கேட்கிறது. பெரியவள் எழுந்து போய், மஞ்சள் ஒழுகும் அலகோடு அந்தக் கோழியைத் தூக்கி வந்து சின்னவளின் கைகளில் திணிக்கிறாள். "இதுக்கு இனி அந்தப் புத்தி போகாது. மத்ததையும் கெடுத்துடும். கத்தி உள்ள இருக்கு, நீயே அறு." "நானா?" "நீதான். போ." சின்னவள் நகரவில்லை. கோழியும் திமிறவில்லை. அவள் உள்ளங்கைக்கு அடியில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. அது கழுத்தைச் சாய்த்து, தன் அலகை அவள் முழங்கையில் இப்படியும் அப்படியுமாகத் துடைத்துக்கொள்கிறது.