மை இல்லாத விரல்

“ஓட்டுப் போடாதவர் நல்ல குடிமகன் அல்லர்.”

கரும்பலகையில் எழுதிவிட்டுக் குடிமையியல் ஆசிரியர் சக்கரபாணி கேட்டார்: “முந்தாநாள் எலக்‌ஷன்ல உங்க வீட்டுல யாரு வெரல்ல மை இல்ல?”

ஹமீதுன்னிசா எழுந்தாள். “எல்லாருக்கும் இருக்கு சார். உங்க வெரலு?”

சக்கரபாணியின் இடது கை முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. இருபது வருஷமாக இந்தப் பாடம் நடத்துகிறார். ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போட்டதில்லை. வகுப்பே அவரைப் பார்த்தது.

கண்டமங்கலத்திலிருந்து வரும் தனபாக்கியம் துள்ளி எழுந்தாள்.

“ஏண்டி சாரைப் பேஜாரு பண்றே? எங்க ஊரு பூத்துல எங்கம்மா வெரல்ல மை வெச்சதே சார்தான்! அங்க டூட்டி பார்த்துக்கினு இருந்தவரு, விழுப்புரத்துல இருக்குற தன் ஓட்டை எப்பிடிடி போடுவாரு?”

“எல்லா எலக்‌ஷனுக்கும் இதே கதைதாம்மா. தபால் ஓட்டும் நேரத்துக்கு வராது” என்றார் ஆசிரியர்.

போன உயிர் திரும்பி வந்த சக்கரபாணி, முதல் வேலையாக டஸ்டரை எடுத்துத் தாம் எழுதிய வரியைத் தாமே அழித்தார்.