விரலில் ஒட்டாத வண்ணம்

“இன்னிக்கு ஓவிய வகுப்புல என்ன சொல்லிக்கொடுத்தாங்க?”

கணவர் செருப்பைக் கழற்றியபடி யோசித்தார். “காகிதத்தைத் துண்டு துண்டாக் கிழிச்சு ஒட்டுவாங்களே... கொலாஜன்.”

“அது கொலாஜ்ங்க. கொலாஜன் நான் மருந்துக்கடையில விக்கிற பொடி!”

“ஏதோ ஒண்ணு. ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தா எல்லாம் குழம்புது, விடேன்.”

அவள் விடவில்லை. இரண்டு மாதமாக வகுப்புக்குப் போகிறவரின் விரலில் ஒரு பொட்டு வண்ணம்கூட ஒட்டியதில்லை. ஒரு படமும் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் போகும்போது மட்டும் வழவழவென்று சவரம், இஸ்திரி போட்ட சட்டை. இருபது வருடக் குடும்பம் எவளால் கலையப்போகிறதோ!

அடுத்த சனிக்கிழமை பின்னாலேயே போனாள். அவர் நிஜமாகவே ஓவிய வகுப்புக்குள்தான் நுழைந்தார். சற்றுப் பொறுத்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். உள்ளே எட்டுப் பெண்கள். எல்லோர் கண்ணும் அவர் மேல்!

வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் தரிக்காத மனிதர், நடுவே ஒரு முக்காலியில் சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“கழுத்தை அசைக்காதீங்க சார்,” என்றார் ஆசிரியை. “யாரும் மச்சத்தை விட்டுடாதீங்கம்மா.”

எட்டுக் காகிதத்திலும் அவர் முகம். எட்டிலும் இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம்.

இரண்டு மாதமாக அவரை வேவு பார்த்தவள், அந்த மச்சத்தை அன்றுதான் பார்த்தாள்.